இடது தோள் திரும்பி வந்த விதம்

ஹாக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் எல்லோரும் பிடிக்கும் மட்டையைத்தான் பிடித்தாக வேண்டும். மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்ட பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது. அதனால் கைப்பிடியின் உச்சியில் எப்போதும் இடது கைதான் இருக்கும். மட்டையைத் திருப்புவது, அப்படித் திருப்பிய மட்டையால், அதாவது ரிவர்ஸில், இடப்பக்கப் பந்தை இழுப்பது, ஒற்றைக் கையால் எட்டிப் பறிப்பது எல்லாம் அந்தக் கையின் வேலை. எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது இடது தோளில்.

நான் கோவில்பட்டிக்காரன். வேலைக்குப் போய்க்கொண்டே, ஞாயிறு காலைகளில் உள்ளூர் மன்ற அணிக்காக வலது பின்களத்தில் ஆடுகிறவன். ஒரு போட்டியில் எதிரணி ஃபார்வர்ட் என் இடப்பக்கமாக உள்ளே வெட்டினான். ஒற்றைக் கையை நீட்டி மட்டையைப் போட்டேன். கை விரிந்த நிலையிலேயே தரையில் விழுந்தேன். தோள் முன்பக்கமாகக் கழன்றுவிட்டது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துப் பொருத்தினார்கள். சொன்ன காலம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆனாலும் அதன் பிறகு சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே தோள் நழுவத் தொடங்கியது.

எம்ஆர்ஐ படத்தை வைத்து மருத்துவர் விளக்கியபோதுதான் காரணம் புரிந்தது. தோள் மூட்டு, அகல் விளக்கின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. குழி ஆழமில்லாதது, அதில் உட்காரும் கை எலும்பின் பந்துமுனை பெரியது. குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற நார்த்திசு வளையமும் தசைநார்களும்தான் பந்தை வெளியே விடாமல் பிடித்திருக்கின்றன. என் வளையம் முன்பக்கத்தில் எலும்பைவிட்டுக் கிழிந்திருந்தது. பிரிட்டன் மருத்துவர் பேங்கார்ட் 1923-லேயே விவரித்த காயம் இது. அதைச் சரிசெய்யும் முறைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது சிறு துளைகள் வழியாகக் கேமராவை நுழைத்து, எலும்பில் நுண்ணிய ஆணிகளைப் பதித்து, அவற்றில் கோத்த நூலால் வளையத்தை இழுத்துக் கட்டுகிறார்கள்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுத்தடியில் போட்ட மரப்பு ஊசியால் அன்றிரவு வரை கை என்னுடையதாகவே இல்லை. மரப்பு நீங்கும் முன்பே வலி மாத்திரையை விழுங்கிவிடச் சொன்ன செவிலியருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

உண்மையில் வதைத்தது தூக்கம்தான். கையைத் தொட்டிலிட்ட பட்டையோடு மல்லாந்து படுத்தால் தோள் பின்னுக்குச் சரிந்து இழுக்கும். அம்மா முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, முதுகுக்கும் இரண்டு வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில் படுக்கப் பழக்கினார். பல வாரங்கள் அப்படியேதான். இதே அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் சாய்வு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளையும் எடுத்து வையுங்கள். பனியன் போடவே முடியாது.

பட்டையைக் கழற்றிய பிறகு வலி வெகுவாகக் குறைந்தது. ஆபத்தான காலம் அதுதான் என்று பிசியோதெரபிஸ்ட் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். தைத்த திசு எலும்போடு ஒட்டி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்பதற்காக அது ஒட்டிவிட்டது என்று ஆகாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவை மட்டும் அவர் கஞ்சத்தனமாகத்தான் அனுமதித்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது என்று படிப்படியாக நகர்ந்தது. தோளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு சிறு தசைகளும் தோள்பட்டை எலும்பின் பின்பக்கத் தசைகளும் வலுவடையாமல் மட்டையைத் தொடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

எங்கள் ஊரில் விளையாட்டு விடுதிப் பையன்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. ஆனால் என்னைப்போல் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிற நூற்றுக்கணக்கானவர்களுக்கு அணி மருத்துவரும் கிடையாது, பிசியோவும் கிடையாது. தோள் கழன்றால் எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். இளம் வயதில் ஒருமுறை கழன்ற தோள் மறுபடி கழல வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பு எலும்பு தேயக்கூடும். தேய்மானம் கூடினால் துளைவழிச் சிகிச்சை போதாமல், வேறிடத்து எலும்பை எடுத்துவந்து குழியில் பொருத்தும் நிலை வரலாம். மன்றங்கள் போட்டிக்குப் பணம் திரட்டும்போது, மாதம் ஒருமுறையாவது ஒரு பிசியோவை மைதானத்துக்கு அழைக்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

ஆறு மாதம் கடந்து, இரு தோள்களின் வலுவையும் ஒப்பிட்டுச் சோதித்த பிறகே ஆட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முதலில் நின்ற இடத்தில் பந்தை மட்டையால் தள்ளும் புஷ், பிறகு ஓட்டத்தோடு பாஸ், கடைசியாக மோதல் உள்ள ஆட்டம். ரிவர்ஸ் ஹிட் அடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு தயக்கம் இன்னும் எழுகிறது. வலி இல்லை, பயம் மட்டும்தான். அதனால் பயிற்சியாளர் என்னை இடது பின்களத்துக்கு மாற்றியிருக்கிறார். அங்கே எல்லைக்கோடு என் இடப்பக்கம் வந்துவிடுவதால், உள்ளே வெட்டுகிற ஃபார்வர்டை இரு கையும் பிடித்த மட்டையால் வலப்பக்கமாகவே மறிக்கிறேன்.