பெட்டிக்குள் உதிர்ந்த பூட்ஸ்

ஸ்கூபா டைவிங் போனால் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். 45 வயதைத் தாண்டிவிட்டீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. 29 வயதில் முதல்முறை நிரப்பியபோது அந்த வரியைப் படித்த ஞாபகம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துக் கொடுத்துவிட்டுச் சிலிண்டரைத் தூக்கப் போய்விட்டேன். போன மாதம் முதல்முறையாக அதற்கு ‘ஆம்’ என்று குறித்தேன். ‘ஆம்’ என்றால் அதோடு விடமாட்டார்கள், அடுத்த பக்கத்தில் இன்னும் சில கேள்விகள் வரும். புகைப்பழக்கம் உண்டா, கொலஸ்ட்ரால் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்குள் இதயக் கோளாறு வந்ததா. எனக்குப் போன வருஷத்திலிருந்து பிரஷர் மாத்திரை ஓடுகிறது. டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரியான விதி. நடுக்கடலில், தண்ணீருக்கு அடியில் இதயம் தடுமாறினால் கரை சேர்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதே வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். 26 வயது, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம். “சித்தப்பா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிளிமஞ்சாரோ கூப்பிடுறாங்க. சேத்து வச்சதுல பாதி போயிடும். இப்பவே போகவா, இல்ல கொஞ்சம் செட்டில் ஆனப்புறம் போகவா?”

ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலை கிளிமஞ்சாரோ. “இப்பவே போ”ன்னு சொல்லிவிட்டேன். ஏன் என்பதைப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

31 வயதில் ஒரு ஜோடி மலையேற்ற பூட்ஸ் வாங்கினேன். கிராம்பான், அதாவது பனியில் வழுக்காமலிருக்க அடியில் கட்டும் உலோக முட்கள், மாட்டுகிற வகை. முன்னும் பின்னும் அதற்கென்று தடித்த விளிம்பு, கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் தோல், கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. நேபாளத்தில் 6189 மீட்டர் உயரமுள்ள ஐலண்ட் பீக் ஏற வேண்டும் என்பது ஆசை. ஒரு வருஷம் முன்புதான் கிளிமஞ்சாரோ முடித்திருந்தேன், அந்தச் சூடு ஆறவில்லை.

பிறகு வேலை மாறியது. வீட்டுக் கடன் வந்தது. குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பெட்டி மேல்தட்டில் இருந்தது. எதையும் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை, அந்த ஏழு வருஷங்களும் நல்ல வருஷங்களே. ஆனால் 38 வயதில் பெட்டியை இறக்கி, பூட்ஸைத் துடைத்து, இரண்டு நாள் பயிற்சி நடைக்குக் கிளம்பியபோது, மனசுக்குள் நான் இன்னும் 31.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலை, இறக்கத்தில், வலது குதிகாலுக்குக் கீழே ஏதோ நொறுநொறுவென்றது. கல் சிக்கியிருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தேன். சோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நுரைப்பகுதி காய்ந்த களிமண் மாதிரி விரலோடு வந்தது. தொட்டால் பொடி. அரை மணி நேரத்தில் சோல் முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரி தொங்கியது. கூடாரக் கயிற்றை வெட்டிப் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நடுப்பகுதி பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் பிணைப்புகளை உடைத்துவிடும். போட்டு நடக்காவிட்டாலும் உடையும். அடிக்கடி போட்டு நடக்கும் பூட்ஸைவிடப் பெட்டியில் தூங்கும் பூட்ஸ் சீக்கிரம் போவதும் உண்டு. ஏறுகிற கயிறும் இடுப்பில் கட்டும் ஹார்னெஸும் இதே கதைதான். ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் நம்பாதே என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

பூட்ஸ் வேறு வாங்கிக்கொள்ளலாம். அன்று அந்தக் கயிறு கட்டிய காலோடு கோணல்மாணலாக இறங்கியதில் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம், 39 வயதில், சாதாரண ஒரு இறக்கத்தில் திரும்பும்போது உள்ளே ஏதோ ‘டப்’பென்றது. ஸ்கேனில் சவ்வு கிழிந்திருந்தது. மெனிஸ்கஸ் என்று சொல்வார்கள், மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவச் சவ்வு. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு, உள் ஓரத்துக்குக் கிடையாது. ரத்தம் போகாத இடம் கிழிந்தால் தானாக ஒட்டுவது அபூர்வம். எனக்கு உள் ஓரம். துளை போட்டுக் கிழிந்த பகுதியைச் செதுக்கி எடுத்தார்கள். இன்று நன்றாக நடக்கிறேன், படி ஏறுகிறேன். முதுகில் சுமையோடு நாள்கணக்கில் இறங்கினால் மட்டும் மூட்டு வீங்கிவிடுகிறது. ஐலண்ட் பீக் இனி எனக்கு இல்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

மலையில் ஏறுவதற்கு நுரையீரல், இறங்குவதற்கு முழங்கால். நுரையீரலின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு உச்சகட்டமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இறங்குகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு இறக்கம் பாதியாகக் குறையலாம், நிற்காது. 5500 மீட்டரில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அங்கே ஒவ்வொரு சதவீதமும் காலில் தெரியும்.

கிளிமஞ்சாரோவின் கடைசி இரவை இன்றும் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. பராஃபு முகாம் 4600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்வாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி. நள்ளிரவில் கிளம்பினோம். தலையில் டார்ச், அந்த வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும். “போலே போலே” என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார், மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். ஒரு அடி, இரண்டு மூச்சு. ஒரு அடி, இரண்டு மூச்சு. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. சரளைக்கல் சரிவில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும். மலைவாய் விளிம்பிலுள்ள ஸ்டெல்லா பாயின்ட் வந்தபோது கிழக்கே ஒரு கோடு சிவந்தது. அதற்கப்புறம் 5895 மீட்டர் உச்சிவரை நடந்தது சுமையாகவே தெரியவில்லை. மறுநாள் முழங்கால் லேசாகக் கடுத்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. 30 வயதுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

80 வயதில் எவரெஸ்ட் ஏறியவர் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். இருக்கிறார், ஜப்பானைச் சேர்ந்த யூயிச்சிரோ மியூரா, 2013-ல். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அவர் 1970-லேயே, 37 வயதில், எவரெஸ்டின் சரிவில் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு ஸ்கீ செய்து இறங்கியவர். 70 வயதிலும் 75 வயதிலும் உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் 80-ல் போனார். இடையில் இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே அவசரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயர மலை, பாறையேற்றம், ஸ்கீ இதெல்லாம் மூட்டைத் தின்கிற ஆசைகள், முதலில் போங்கள். தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ளும் ஸ்கை டைவிங்கும் பாராகிளைடிங்கும் தரையிறங்கும்போது காலைக் கேட்கும். ஸ்கூபா பொறுத்துக்கொள்ளும். செலவு மலைக்குச் சமமாக ஆகும், காலியாகவே ஏறக்குறைய 14 கிலோ எடையுள்ள அலுமினிய சிலிண்டரைச் சுமந்து படகேணியில் ஏற வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் போய்விட்டால் எடை இல்லை. மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் அந்தரத்தில் நிற்பார்களே, என் முழங்காலை நான் அடியோடு மறக்கிற இடம் அதுதான்.

பணம் விஷயம். கடன் வாங்கிப் போகாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சேமிப்பில் பாதி போனால் போகட்டும், அதை 30 வயதுக்குள் திரும்பச் சேர்த்துவிடலாம். குளிர் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் சொந்தமாக வாங்க வேண்டும், வாங்கி அந்த மாதமே போட்டு நடக்க வேண்டும். இன்சூரன்ஸில் எத்தனை மீட்டர் உயரம்வரை மீட்புச் செலவு தருவார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும். 4000 மீட்டரோடு நின்றுவிடும் பாலிசிகள் உண்டு, இவளுக்கு 6000 வேண்டும்.

பணத்தைக் குறைக்கக் கூடாத இடம் நாட்கள். இளசாக இருப்பது, ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு வேகமாக ஏறுவதால் வரும் உயர நோயிலிருந்து காப்பாற்றாது, உடற்தகுதியும் காப்பாற்றாது. வேகமாக ஏறும் தெம்பு இருப்பதாலேயே மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது பொதுவான விதி. கிளிமஞ்சாரோவின் குறுகிய வழிகள் இதை மீறுகின்றன. 5 நாள் திட்டம் மலிவு என்று அவள் தோழிகள் பார்த்து வைத்திருந்தார்கள். 8 நாள் வழியை எடுங்கள், கூடுதல் பணம் நான் தருகிறேன் என்றேன். தலைவலியோடு வாந்தியும் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்தபோதும் மூச்சு வாங்கினாலோ உச்சியை மறந்துவிட்டு அந்த நேரத்திலேயே கீழே இறங்கிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் நான் கடலுக்குப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கிளிமஞ்சாரோவில் ஊன்றி நடந்த என் நடைக்கோல்கள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். கார்பைடு முனை தேய்ந்திருக்கிறது, புதுசு மாட்டிக்கொள்ளலாம். முழங்கை நேர்கோணத்தில் மடங்குகிற அளவுக்கு நீளத்தைச் சரிசெய்து பூட்டினேன். “இறங்கும்போது அஞ்சு சென்டிமீட்டர் நீட்டிக்கோ, முழங்காலுக்குப் போற பாரத்தை இது வாங்கிக்கும்” என்றேன். மாடிப்படியில் ஏறிப்போய், கோல்களை நீட்டிப் பூட்டிக்கொண்டு, டக் டக்கென்று இறங்கி வந்தாள். கீழே வந்ததும், “இன்னொரு தடவை சித்தப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேலே ஏறினாள்.