சைக்கிளை மண்ணுக்கு இறக்கிவிட்ட வண்டி மேல் புகார்: எழுதும் விதம், கொடுக்கும் இடம்

"நெம்ப வேகமா வந்தானுங்க, இடிக்கற மாதிரி போயிட்டானுங்க." சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்த எஸ்.ஐ.யாலும் ஒன்றும் செய்ய முடியாது. வேகத்துக்கு அளவுக் கருவி வேண்டும், நம் செல்போன் வீடியோ அதற்குச் சாட்சி ஆகாது. "இடிக்கற மாதிரி" என்பது உங்கள் பயம். ஓட்டுநர் செய்த காரியம் அதில் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவைத்தான் பிடிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபாயகரமாக ஓட்டுவது என்றால் என்னவென்று அதிலேயே பெயர் சொல்லியிருக்கிறார்கள்: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தக் குறியை மீறுவது, கையில் போனோடு ஓட்டுவது, விதிக்குப் புறம்பாக முந்துவது, எதிர்த்திசையில் வருவது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த ஐந்தில் ஒன்று வீடியோவில் தெரிந்தால் அதை மட்டும் எழுதுங்கள். வேகத்தை விட்டுவிடுங்கள்.

முந்துவதைப் பற்றி எழுதும்போது கணக்குக் கை கொடுக்கும். காங்கேயம், சென்னிமலைப் பக்கம் இருக்கிற மாதிரி இருவழி ரோட்டில் தார் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் 3.5 மீட்டர். பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை போகலாம். சைக்கிள் சக்கரம் தார் ஓரத்திலிருந்து அரை மீட்டர் உள்ளே போகிறது. ஹேண்டில்பார் 60 செ.மீ., அதில் பாதி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஓரத்திலிருந்து 80 செ.மீ. வரை சைக்கிளுக்கே போய்விட்டது. பஸ் நடுக்கோட்டை ஒட்டி, கோட்டைத் தாண்டாமல் வந்தால் அதன் இடப்பக்கம் 90 செ.மீ.யில் நிற்கும். மீதி 10 செ.மீ. சைடு கண்ணாடியைச் சேர்த்தால் அதுவும் இல்லை. பிரிட்டனில் சாலை விதிநூல் மணிக்கு 30 மைல் வேகம் வரைக்கும் குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. அந்த அளவை இங்கே விட வேண்டுமானால் பஸ் நடுக்கோட்டை 1.4 மீட்டர் தாண்டிப் போயாக வேண்டும். எதிரே வண்டி வந்தால் முடியாது, பின்னாலேயே காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே "எதிரே லாரி வந்துகொண்டிருந்தபோதே முந்தியது" என்ற ஒரு வரி, "உரசிக்கொண்டு போனது" என்பதைவிடப் பல மடங்கு கனம்.

"ஓரமா ஒதுங்கிப் போகறதுதானுங்களே?" என்று ஸ்டேஷனிலேயே கேட்பார்கள். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் நாலு விரல் பள்ளம் இருந்தால், இறங்கின சக்கரம் ஏற மறுத்து ஆளை ரோட்டுப் பக்கமே தள்ளும். அந்த விளிம்பை ஒரு போட்டோ எடுத்து மனுவோடு வைத்துவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

ஆதாரம் என்றால் முதலில் வண்டி நம்பர். ஹேண்டில்பாரில் மாட்டிய கேமரா ரோட்டு அதிர்வில் நடுங்கி, நம்பர் பிளேட் கோடுகோடாகத் தெரியும். ஹெல்மெட்டிலோ மார்பிலோ கட்டினால் பரவாயில்லை. சீட்டுக்குக் கீழே பின்பக்கம் பார்க்கிற கேமராதான் நல்லது, வரும் வண்டி அதில் பல நொடி நேராகத் தெரியும். தெளிவு 1080-ஆக இருந்தாலும் நொடிக்கு 60 பிரேம் வையுங்கள். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் பிளேட்டை வெள்ளையாக்கிவிடும். அதற்குச் சுலபமான வழி, வண்டி கடந்ததும் நம்பரைச் சத்தமாக வாயால் சொல்வது. மைக் பதிந்துகொள்ளும். கேமராவே இல்லாதவர்கள் போனில் குரல் பதிவாக அதையே செய்யலாம். காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் போகிற பிளஸ் ஒன் பிள்ளை, இவர்களிடம் ஆக்ஷன் கேமராவை எதிர்பார்க்கக் கூடாது.

பேட்டரி முழுதாக இறங்கினால் சில கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். தப்பான தேதி போட்ட வீடியோவை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடத்தில் தூக்கி எறிவார், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். லூப் பதிவு பழையதை அழித்துக்கொண்டே வரும். வீடு வந்ததும் அந்தப் பைலை நகலெடுத்துவிட்டு, மெமரி கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள். வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டும், அப்போதுதான் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதும் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி நம்பர் அழிந்துபோகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வழக்கு நீதிமன்றம் போனால் பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள் (பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்றது இதைத்தான்), அதற்கு மூலப் பதிவு கையில் இருக்க வேண்டும். பக்கத்துப் பேக்கரியிலோ பெட்ரோல் பங்கிலோ சி.சி.டி.வி. இருந்தால் கடையின் பெயரை அன்றைக்கே புகாரில் சேருங்கள். அந்தப் பதிவும் சில வாரங்களில் அழிந்துவிடும்.

இடத்தை "பல்லடம் ரோட்டுல" என்று எழுதினால் போதாது. கிலோமீட்டர் கல்லையும், அதற்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சின்னக் கல்லையும், மின்கம்ப எண்ணையும் எழுதுங்கள். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கோவை, திருப்பூர், சேலத்தில் மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. ஒரே ரோட்டில் அரைக் கிலோமீட்டர் தள்ளினால் எல்லை மாறிவிடும். "எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதிலுக்குக் கல் எண்தான் மருந்து.

இனி யாரிடம் கொடுப்பது. அந்த வண்டியின் பிடி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் ஒரு நகல் போக வேண்டும் என்பது என் கட்சி. தனியார் பஸ்ஸுக்குப் பிடி பர்மிட்டில் இருக்கிறது, அதனால் ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுங்கள். ரூட் பஸ்ஸுக்கு நேரம் ஏற்கெனவே பர்மிட்டில் எழுதியிருக்கும் என்பதால், நம்பர் தெரியாவிட்டாலும் பஸ் பெயர், இடம், நிமிடம் மூன்றும் இருந்தால் வண்டியைக் கண்டுபிடித்துவிடலாம். நம்பரில் 'என்' எழுத்து வரும் அரசு பஸ்ஸுக்குக் கோட்டமும் கிளையும் பக்கவாட்டில் எழுதியிருக்கும், கிளை மேலாளருக்கு அனுப்புங்கள். பனியன் கம்பெனி வேன், ஸ்கூல் பஸ், காலேஜ் பஸ் என்றால் நிர்வாகத்துக்கு. அவர்களுக்குப் போலீஸ் அபராதத்தைவிடப் பெயர்தான் பெரிது. லாரி, டிப்பர், சொந்தக் கார் எல்லாம் நேரே காவல் நிலையம்தான். ஓட்டியது யாரென்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும், அது மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு. வண்டியை விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் பழைய உரிமையாளருக்குப் போய்த் தாமதமாகும்.

குடித்துவிட்டு வளைந்து வளைந்து ஒருவன் போய்க்கொண்டிருந்தால் மனுவெல்லாம் அப்புறம், உடனே 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் இருக்கிறது. துரத்திப் போய்ச் சண்டை போடாதீர்கள். கேமரா அதையும் பதியும், புகார் உங்கள் மேலேயே திரும்பும். வீடியோவை முதலில் பேஸ்புக்கில் போடுவதும் இதே ரகம்தான்.

மனு நான்கு வரி போதும்:

"இன்ன தேதி, காலை 7.42. காங்கேயம்–சென்னிமலை ரோடு, இன்ன கிலோமீட்டர் கல், சென்னிமலை நோக்கி. இன்ன நம்பர் வண்டி, எதிரே லாரி வந்துகொண்டிருந்தபோதே என் சைக்கிளை முந்தியது. நான் தாரை விட்டு மண்ணில் இறங்க நேர்ந்தது. வெட்டாத வீடியோ இணைத்துள்ளேன், 2 நிமிடம் 10-வது நொடியில் பார்க்கவும். 184-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

நேரில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் எண்ணிட்ட சீட்டு) கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கொடுத்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர்வே இல்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குச் சொல்லலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். ஒரே வளைவில் பல பேருக்கு நடக்கிறது என்றால் எல்லோர் மனுவையும் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள். அங்கே ஓட்டுநரைவிட ரோட்டில் கோளாறு இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு நகல் வேண்டும்.

அதற்கும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள், 30 நாள் கெடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன எண் மனு மீது எழுதப்பட்ட குறிப்புகள், உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸ் ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.