பிரிட்ஜ் போன பிறகு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறன்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் ஒருநாள் கறன்ட் திரும்பி வந்த வேகத்தில் எங்கள் பிரிட்ஜ் போய்விட்டது. திருத்த வந்தவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "பிறகு பார்ப்போம்" என்றேன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இப்போது அதற்குள் அரிசியும் பருப்பும் இருக்கின்றன. எலி புகாது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ மீன் வாங்கி, கழுவி, பை பையாகக் கட்டி அடுக்கிவிடுவேன். வியாழக்கிழமை சட்டியில் கொதிப்பது ஓராவா திரளியா என்று எனக்கே தெரியாது. இப்போது சைக்கிளில் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியோடு வரும் தம்பியிடம் தினமும் அரைக் கிலோதான். முதலில் அவன் முகம் சுழித்தான். ஆனால் தினமும் வாங்குகிறவளை ஏமாற்ற முடியாது, அடுத்த நாள் விடிய வாசலில் நிற்பாளே! ஒரு மாதம் போனதும் அவனே சொல்லத் தொடங்கினான்: "டீச்சர், இண்டைக்கு ஓரா வேணாம், அது நேத்தையான். மணலை எடுங்க, விடியக்காலம் வாவியில பட்டது." மூன்று கிலோ வாங்கிய காலத்தில் இப்படி ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

குடிக்கத் தண்ணீருக்கு மண்பானை. மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரமில்லாமல் அடிக்கும். பானையில் கசியும் நீர் சட்டென்று ஆவியாக, உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். மாரியில் இந்த வித்தை பலிக்காது. மாரியில் குளிர்ந்த தண்ணீர் யாருக்கு வேண்டும்?

அம்மியிலும் அரைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கிரைண்டரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பானையால் ஆகாத ஒரு காரியமும் உண்டு. மாமிக்கு இன்சுலின். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும், அதனால் அது அடுத்த வீட்டு அக்காவின் பிரிட்ஜில் இருக்கிறது. பத்து வருடமாக வேலிக்கு மேலால் தலையாட்டிக்கொண்டிருந்தவர். இப்போது குப்பி எடுக்கப் போனால் தேத்தண்ணி வரும், அப்புறம் அவருடைய மகளின் கலியாணப் பேச்சு வரும். போன கிழமை திரும்பி வந்தபோது மாமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மருந்து எடுக்க ஒரு மணித்தியாலமா, மகள்?"