"ஆமாங்க தம்பி"க்கு எத்தனை மார்க் போடறது?

நம்ம பக்கம் வீடு தேடி வந்தவங்க முகத்துக்கு நேரா யாரும் 'இல்ல'ன்னு சொல்ல மாட்டாங்க, சர்வே எடுக்கறவங்களுக்கு இதவிட பெரிய தலைவலி கிடையாது. நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி சுத்துல தடுப்பூசி பத்தி ஜனங்க என்ன நெனைக்கிறாங்கன்னு கேக்குற வேலைக்கு ஃபீல்டு ஆளா போயிட்டிருக்கேன். கழுத்துல ஐடி கார்டு, கையில டேப், போனதும் ஃபேனுக்கு நேரா சேர் போட்டு மோர் குடுத்துட்டு "கேளுங்க தம்பி"ம்பாங்க. "குழந்தைங்களுக்குப் போடற தடுப்பூசி பாதுகாப்பானது"ன்னு படிச்சா "ஆமாங்க". கொஞ்சம் தள்ளி "தடுப்பூசியால நல்லதவிட கெடுதல்தான் அதிகம்"னு ஒரு கேள்வி வரும், அதுக்கும் "ஆமாங்க தம்பி". ரெண்டுக்குமே 'முழுசா ஒத்துக்கறேன்'னு டிக் அடிச்சுட்டு அடுத்த பக்கம் போகணும்.

இந்த 'முழுசா ஒத்துக்கறேன்'ல ஆரம்பிச்சு 'கொஞ்சம்கூட ஒத்துக்கல' வரைக்கும் போற அஞ்சு படி முறைய 1932ல ரென்சிஸ் லிக்கர்ட்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் கொண்டுவந்தாரு. கேள்விய நேராவும் தலைகீழாவும் கலந்து வைக்கறதே இந்த ஆமாஞ்சாமி பதில கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடிச்சு என்ன பண்றது, அத குப்பையில போடறதா, இல்ல "இவங்களுக்கு இதப் பத்தி அபிப்பிராயமே இல்ல, நர்ஸம்மா சொன்னா போட்டுக்குவாங்க"ன்னு எடுத்துக்கறதா? என்னக் கேட்டா ரெண்டாவதுதான். ஆனா அதுக்கு ஃபாரத்துல கட்டம் கிடையாது.

அளக்கறதுக்கு உலகத்துல நிறைய கருவி இருக்கு. அமெரிக்காவுல டக்ளஸ் ஓபல்ங்கற குழந்தை டாக்டரும் அவரோட டீமும் பெத்தவங்ககிட்ட கேக்குறதுக்கு 15 கேள்வி உள்ள ஒண்ணு செஞ்சாங்க, 0ல இருந்து 100 வரைக்கும் மார்க், 50ஓ அதுக்கு மேலயோ போனா தயக்கம் உள்ளவங்கன்னு கணக்கு. அதோட விடாம, அந்த மார்க்க குழந்தையோட நெஜமான ஊசி ரெக்கார்டோட ஒத்துப் பாத்தாங்க, அதுதான் எனக்குப் புடிச்ச விஷயம். 2018ல கொர்னேலியா பெட்ஷ்ங்கற ஜெர்மன் உளவியல்காரர் டீம், ஊசி போடறதையும் போடாததையும் முடிவு பண்ற காரணத்த வேற மாதிரி அஞ்சா பிரிச்சாங்க, ஊசி மேல நம்பிக்கை, 'அந்த நோயெல்லாம் இப்ப எங்க வருது'ங்கற அசட்டை, போய்ப் போட முடியாத தடை, நல்லது கெட்டத அலசிப் பாக்குற பழக்கம், அப்புறம் ஊருக்காகவும் போட்டுக்கணும்ங்கற நெனப்பு. நான் பாத்த வரைக்கும் டெல்டா கிராமத்துல தடைங்கற அந்த மூணாவதுதான் நெறைய வேலை செய்யுது, நம்ம ஆளுங்க எழுதற கட்டுரையெல்லாம் முதலாவதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கும்.

உதாரணத்துக்கு வெண்ணாத்தங்கரை பக்கம் ஒரு அக்கா. எல்லா கேள்விக்கும் ஊசிக்கு சாதகமாத்தான் பதில், தலைகீழ் கேள்வியில கூட மாட்டல, நல்லா யோசிச்சு சொன்னாங்க. கடைசில தடுப்பூசி அட்டைய காட்டுங்கன்னேன். டிவி பொட்டிக்குப் பின்னாடி பிளாஸ்டிக் கவர்ல ரேஷன் கார்டோட சேத்து வச்சிருந்தத எடுத்தாங்க, ஓரமெல்லாம் மஞ்சக்கறை. ஒன்றரை வயசு ஊசி கட்டம் காலி. ஏன்க்கான்னு கேட்டா, "போட்டா ராத்திரி காச்சல் அடிக்கும் தம்பி, மறுநாள் பூரா இடுப்ப விட்டு எறங்காது, நடவு ஓடுது, நான் போகலன்னா கொத்துல வேற ஆள சேத்துக்குவாங்க. நட்டு முடியட்டும்." முத்தடுப்பு ஊசி போட்டா காச்சல் வர்றது சகஜம், காச்சல் சொட்டு மருந்தோ சிரப்போ குடுத்தா அடங்கிடும், அது அவங்களுக்கும் தெரியும். புதன்கிழமை ஊசி, வியாழக்கிழமை கூலி போச்சு, அவ்வளவுதான் கணக்கு. இதுல மனப்பான்மை எங்க இருக்கு?

இதுக்கு நேர் எதிரா தஞ்சாவூர் டவுன்ல ஒரு மேடம், பக்கவிளைவு பத்திக் கவலை இருக்கான்னு கேட்டா ரொம்ப இருக்குன்னாங்க, கம்பெனி மேல நம்பிக்கை இல்லன்னாங்க, என்னையே பத்து கேள்வி கேட்டாங்க. மார்க் போட்டா பக்கா தயக்க கேஸ். அவங்க புள்ளைக்கு ஒரு ஊசி பாக்கி இல்ல, பிரைவேட்ல 'வலியில்லாத ஊசி' காசு குடுத்துப் போட்டிருக்காங்க.

மாநில அளவுல பாத்தாலும் இதே கதைதான். தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல எல்லா அடிப்படை ஊசியும் போட்ட குழந்தைங்க 2005-06ல சுமார் 81 சதவீதம், 2015-16ல 70க்கு எறங்கிடுச்சு, 2019-21ல 89. நடுவுல சனங்களுக்கு திடீர்னு புத்தி மாறி மறுபடி வந்துச்சா? 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைங்க எறந்துபோனாங்க, அதுக்கப்புறம் ஊருக்குள்ள வந்து போட்டுட்டு இருந்தத நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்கன்னு மாத்துனாங்க. பயமும் இருந்திருக்கும், பஸ் ஏறுற தூரமும் இருந்திருக்கும். சதவீதத்த மட்டும் பாத்தா எது எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது.

அப்புறம் இந்த அம்மை விஷயம். "அம்மை நோய் தெய்வத்தால் வருவது என நம்புகிறீர்களா"ன்னு ஒரு கேள்விய யாரோ ஏசி ரூம்ல உக்காந்து சேத்திருந்தாங்க. வலங்கைமான்ல போய் இதக் கேக்கலாமா சொல்லுங்க, பங்குனியில மாரியம்மனுக்கு பாடையில படுத்து பாடைக்காவடி எடுக்குற ஊரு! எல்லாரும் ஆமான்னாங்க. அதே வீட்டுல எம்.ஆர் ஊசி, அதாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசி, ரெண்டு தவணையும் போட்டிருக்கு. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வேப்பல சொருகறதும் புதன்கிழமை புள்ளைய தூக்கிட்டுப் போறதும் அவங்களுக்கு ஒண்ணையொண்ணு இடிக்கல, ஃபாரத்துக்குத்தான் இடிக்குது.

எந்த தேதியில கேட்டோம்ங்கறதும் முக்கியம். 2017 பிப்ரவரியில எம்.ஆர் முகாம் ஆரம்பிச்சப்ப வாட்ஸ்அப் வதந்தியால ஸ்கூலுக்கே புள்ளைய அனுப்பாதவங்க உண்டு. 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்ட ரெண்டு நாள்ல மாரடைப்புல எறந்தப்ப, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டருங்க சொல்லியும், டீக்கடையில அன்னைக்குப் பேச்சே மாறிப்போச்சு. அந்த வாரத்துல எடுத்த சர்வேயையும் ரெண்டாவது அலை உச்சத்துக்குப் போனப்ப எடுத்ததையும் ஒரே டேபிள்ல கூட்டி சராசரி போட்டா அது யாரோட மனசு?

2022ல உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த கேள்வித்தாள் கொஞ்சம் தேவலாம், மனசுல என்ன இருக்குன்னு கேக்கறதோட, வீட்டுல யார் என்ன சொல்றாங்க, போயிட்டு வர செலவு கட்டுதாங்கறதெல்லாம் தனித்தனியா கேக்குது. புள்ளைய ஊசிக்குத் தூக்கிட்டுப் போக அம்மா யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமான்னுகூட ஒரு கேள்வி இருக்கு. அத ஒரு மருமககிட்ட கேட்டேன், அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அடுப்படியிலேர்ந்து மாமியார், "அதெல்லாம் நாங்க ஒண்ணும் தடுக்கறதில்ல தம்பி, எழுதிக்குங்க."

ஃபீல்டு வேலை பாத்தவங்க யாராச்சும் படிச்சா சொல்லுங்க, மாமியார வெளிய அனுப்ப நீங்க என்ன சாக்கு சொல்லுவீங்க? நான் தண்ணி கேட்டுப் பாத்தேன், மருமகளத்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.