தொண்ணூற்றெட்டு

நிவாரண முகாமின் பதிவு மேஜையில் எனக்கு இருந்தது சின்ன வேலை. பெயர், எத்தனை பேர், என்ன மருந்து சாப்பிடுகிறார், காய்ச்சல் உண்டா. அப்புறம் ஒரு கட்டில் எண், இரண்டு போர்வை. பனிப்புயலின் இரண்டாம் இரவுக்குள் கை தானாக ஓடப் பழகிவிட்டது. அந்த ஓட்டத்தில்தான் அந்த அம்மாவிடமும் பேசினேன்.

"தலை வலிக்குது, குமட்டிக்கிட்டே இருக்கு" என்றார். கையுறையைக் கழற்றச் சொல்லி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். விரல் சில்லிட்டுக் கிடந்ததால் எண் வர நேரமாயிற்று. 98. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "நல்லாத்தானேம்மா இருக்கு. சூடா ஏதாவது குடிச்சிட்டுப் படுங்க, சரியாயிடும்." அவர் முகம் தெளிந்தது. எனக்கும் ஏதோ வைத்தியம் பார்த்துவிட்ட திருப்தி.

போர்வையை வாங்கும்போது சொன்னார்: "ராத்திரி பூரா கேரேஜில காரை ஓடவிட்டு அதுக்குள்ளதான் உட்கார்ந்திருந்தோம்." "பாவம்" என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கார் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தெரியாதது வேறு. ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா அந்த வாயுவா என்று சாதாரண ஆக்சிமீட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. விஷம் ஏறியிருந்தாலும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, படிவத்திலும் அப்படி ஒரு கேள்வி இல்லை. சரி. ஆனால் 'உட்கார்ந்திருந்தோம்' என்றாரே, இன்னொருவர் யார் என்று கேட்கப் படிவமா வேண்டும்?

இரண்டு மணி நேரம் கழித்துச் சுற்றி வந்த நர்ஸ் கேட்டார். வீட்டை எப்படிச் சூடாக்கினீங்க? வீட்டில் இன்னும் யாராவது இருக்காங்களா? கணவர் இருந்தார். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்தான் அந்த அம்மாவை மட்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஒரு ஆம்புலன்ஸ் முகாமுக்கு வந்தது, இன்னொன்று வீட்டுக்குப் போனது. அப்புறம் என்ன ஆயிற்று என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வது முறையும் இல்லை.

இப்போதும் கணக்குப் போடுகிறேன். வெறும் காற்றில் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும்; மாஸ்க் வழியே சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். முகாமுக்கு வந்து சேர்ந்ததே அந்த அம்மாவுக்குப் பாதி வைத்தியம் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். அந்த இரண்டு மணி நேரமும் அவர் கணவர் எங்கே இருந்தார் என்பது உடனே குறுக்கே வரும்.

அடுத்த முறை போனபோது வந்தவரிடமெல்லாம் நர்ஸின் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் எரிச்சலானார். "கட்டில் குடுக்கிறதுதானே உங்க வேலை?" திரும்பவும் கேட்டேன். பதில் சொல்லாமல் போர்வையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்றவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அதற்கடுத்தவரிடம் கேட்டேனா என்று நினைவில்லை.