ஃப்ளைட்கியரில் எங்கள் தெரு: 37 வீடுகளும் முகம் திரும்பின

நேற்று இரவு பதினோரு மணிக்கு, ஃப்ளைட்கியர் என்ற இலவச விமானப் பாவிப்பு மென்பொருளில், திருச்சியிலிருந்து செஸ்னா 172-ஐக் கிளப்பினேன். திரையில் மட்டும் காலை எட்டு மணி. மேற்கு நோக்கிய 27-ஆம் ஓடுதளத்தில் ஏறி, இடப்பக்கம் திரும்பி, நேர் தெற்கு. புதுக்கோட்டை இடக்கைப் பக்கம் ஒதுங்கிப் போனது. இருபது நிமிஷத்தில் கானாடுகாத்தான் பக்கம் வந்து 1500 அடிக்கு இறங்கினேன். கீழே எங்கள் ஊரின் இரண்டு தெருக்களும் இருந்தன. 37 வீடுகளும் தெருவைப் பார்த்து நின்றன. ஒரு வீடுகூடக் கோணவில்லை. மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விமானத்தை விட்டேன்.

இந்த ஒரு காட்சிக்கு மூன்று மாதம் ஆனது. எந்த மாதிரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஃப்ளைட்கியருக்குச் சொல்வது எஸ்டிஜி கோப்பு. மூன்று மாதத்தில் முழுதாக மூன்று வாரத்தை அந்தக் கோப்பில் வரிக்கு வரி இருக்கும் கடைசி எண் தின்றுவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். வேறு யாராவது நம் பக்கத்து ஊர்களைச் செய்யக் கிளம்பினால் அந்த மூன்று வாரமாவது மிச்சமாகட்டும்.

பறக்கப் பறக்க டெர்ராசிங்க் என்ற பகுதி இணையத்திலிருந்து இறக்கித் தரும் நிலப்பரப்பில் செட்டிநாடு எப்படி இருக்கும் என்று பறந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு அடிப்படையான விமேப்0 உலக வரைபடம் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்தது. அதில் ரயில் பாதை ஒரு கோடாக வரும், சாலை ஒன்றிரண்டு வரும், மற்றபடி வெட்டவெளி. ஊருணி ஒன்றுகூடக் கிடையாது. மழைத்தண்ணீரை முற்றத்தில் இறக்கி, வடிகால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோன ஊர்கள் இவை. ஊருணி இல்லாமல் இந்த ஊர்களைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவே இல்லை. ஆனால் நீர்நிலையைச் சேர்க்க வேண்டுமென்றால் நிலத்தையே திரும்பக் கட்ட வேண்டும். வீடுகளை அப்படியே மேலே வைத்துவிடலாம். அதனால் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

வானத்திலிருந்து பார்த்தால் செட்டிநாட்டு வீட்டுக்கு அடையாளம் முகப்பு இல்லை, முற்றம்தான். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல், நடுவில் நீளமாக ஓட்டுக் கூரை, கூரை நடுவே வரிசையாகச் சதுரப் பள்ளங்கள். முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் சேர்ந்தது ஒரு கட்டு. முதலில் எல்லாக் கட்டுக்கும் நிஜமாகவே கூரையைத் திறந்து, தூண், தாழ்வாரம் எல்லாம் வைத்தேன். என் மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. பத்து வீடு வைத்ததும் படம் திக்கித் திக்கி நகர ஆரம்பித்தது. அப்புறம் முதல் கட்டான வளவின் முற்றத்தை மட்டும் நிஜத் திறப்பாக விட்டு, இரண்டாங்கட்டையும் மூன்றாங்கட்டையும் நிழலோடு சேர்த்துக் கூரைப் படத்திலேயே வரைந்துவிட்டேன். ஆயிரம் அடிக்கு மேலே வித்தியாசம் தெரியவில்லை. கணினியில் மாதிரியின் பரப்பெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்கள்தான்; கூடினால் வேகம் குறையும். கிட்டப் போனால் 2,400 முக்கோணம், 1,500 மீட்டர் தாண்டினால் 60 முக்கோணம் உள்ள எளிய மாதிரி. இப்படி நான்கு வகை வீடு. அவற்றைத்தான் மாற்றி மாற்றி 37 இடத்தில் வைத்திருக்கிறேன்.

படங்கள் எல்லாம் நானே எடுத்தவை. இணையத்தில் கிடைக்கும் படத்தை வெட்டி ஒட்டினால் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் கொடுக்க முடியாது, ஃப்ளைட்கியரின் பொதுத் தொகுப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். அது நியாயம்தான். ஓட்டுக் கூரையைப் படமெடுக்க எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஏறியது காலை ஏழு மணிக்கு. ஒன்பதுக்கு மேல் போனால் ஓட்டின் வரிசைக்குள் நிழல் கறுப்பாக விழுந்து, திரையில் பகல் எந்த நேரமானாலும் அந்த நிழல் அசையாமல் அங்கேயே கிடக்கும். திண்ணையில் ஆத்தங்குடிக் கல் பதித்தேன். வானத்திலிருந்து அது தெரியவே தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கல் இருக்கிறது, அதனால் மாதிரியிலும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃப்ளைட்கியர் உலகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எஸ்டிஜி கோப்பு வைத்திருக்கிறது. எங்கள் ஊரும் கானாடுகாத்தானும் ஒரே கட்டம்: இ070என்10, அதற்குள் இ078என்10, கோப்பு 4233486.எஸ்டிஜி. காரைக்குடி இதற்குத் தெற்கே உள்ள 4233478. வீட்டுக்கு ஒரு வரி. மாதிரியின் பாதை, தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம், கடைசியாகத் திசை.

உயரத்தில் அரை நாள்தான் போனது. ஃபோன் செயலி எங்கள் வாசலில் பூஜ்யத்தை ஒட்டிய உயரம் காட்டியது. நம் பகுதியில், பூமியின் வடிவமாக ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளும் நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கடல்மட்டம் இருக்கிறது. சில செயலிகள் அதைத் திருத்தாமல் அப்படியே காட்டிவிடும். ஃபோனை நம்பாமல் எஃப்ஜிஎலெவ் கருவிக்கு இடத்தைக் கொடுத்தால், இருக்கிற நிலப்பரப்பிலிருந்தே உயரத்தை எடுத்துத் தந்துவிடுகிறது. வீடு மிதக்கவும் இல்லை, புதையவும் இல்லை.

திசைதான் படுத்திவிட்டது. எங்கள் தெரு நேர் வடக்குத் தெற்காக இல்லை, கொஞ்சம் சாய்வு. ஒரு பக்கத்து வீடுகள் 84 பாகையைப் பார்க்கும், எதிர்ப்பக்கம் 264. குறுக்கே போகும் கோயில் தெருவில் ஒரு பக்கம் 354, எதிர்ப்பக்கம் 174. தெரு நடுவில் நின்று திசைகாட்டியால் அளந்தேன். முகப்பு இரும்புக் கம்பியை ஒட்டி நின்றால் முள் எங்கெங்கோ போகிறது, அதனால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். முப்பரிமாண மாதிரி செய்யும் பிளெண்டர் மென்பொருளில் முகப்பை எக்ஸ் அச்சைப் பார்க்க வைத்து, அளந்த எண்களைக் கோப்பில் எழுதி, ஆவலாகப் போய்ப் பார்த்தால், எங்கள் தெரு வீடுகள் தெருவைப் பார்த்தன, ஆனால் ஒவ்வொன்றும் தோளைத் திருப்பிக்கொண்டு ரம்பப் பல் மாதிரி நின்றது. கோயில் தெருவில் ரம்பப் பல்லோடு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றன.

இதை இரண்டு தனித்தனிப் பிழை என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. கோணலுக்குத் திசைகாட்டியைச் சந்தேகப்பட்டேன். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துப் பார்த்தேன். நம் பக்கம் அது இரண்டு பாகைக்குள்தான். திரையில் கோணல் 12 பாகை. தெருவில் திரும்பப் போய் அளந்தேன், அதே 84. முதுகுக்கு மாதிரியைச் சந்தேகப்பட்டேன். பிளெண்டரில் 180 பாகை திருப்பி ஏற்றுமதி செய்தேன். கோயில் தெரு முகம் காட்டியது, எங்கள் தெரு முதுகைக் காட்டியது. திரும்பப் பழையபடி மாற்றினேன். ஏற்றுமதி நீட்சியின் பதிப்பை மாற்றினேன். அச்சுகளை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒரு வீட்டை மட்டும் வைத்து, மூடித் திறந்து, மூடித் திறந்து இதையே செய்தேன்.

பிடி கொடுத்தது அப்பத்தா. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே திரையைப் பார்த்தவர், “ஏப்பா, நம்ம தெருவு வீடெல்லாம் வாசலத்தானே காட்டுது, கோயில் தெருவுல மட்டும் எதுக்கு எல்லாரும் கொல்லையக் காட்டிக்கிட்டு நிக்கிறாக?” என்று கேட்டார். அவருக்குக் கொல்லை வாசல் தெருவில் நிற்பது பொறுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதிரி ஒன்று, கோப்பு ஒன்று. ஒரு தெரு சரியாகவும் ஒரு தெரு தப்பாகவும் வருகிறது என்றால், பிழை வீட்டில் இல்லை, திசையைப் பொறுத்து மாறுகிறது.

ஃப்ளைட்கியரில் யூஎஃப்ஓ என்று ஒரு பறக்கும் தட்டு உண்டு; அதிலிருந்து பொருட்களைக் கையால் நிலத்தில் வைக்கலாம். உடனே அதை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டைக் கையால் வைத்து, கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருப்பி, திண்ணை தெருவுக்கு இணையாக வந்ததும் எஸ்டிஜி வரியை எடுத்தேன். கடைசி எண் 96. நான் எழுதி வைத்திருந்தது 84. இரண்டையும் கூட்டினால் 180.

காகிதத்தில் போட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. திசைகாட்டி வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும். எஸ்டிஜியின் எண் கணிதப் பாடத்துக் கோணம் மாதிரி இடஞ்சுழியாக எண்ணும். ஃப்ளைட்கியரில் விமான மாதிரியின் எக்ஸ் அச்சு மூக்கிலிருந்து வாலை நோக்கிப் போகும்; மூக்கு வடக்கே இருந்தால் எக்ஸ் தெற்கே. ஆகவே எண்ணிக்கை தெற்கில் தொடங்குகிறது. அளந்த திசையை 180-இலிருந்து கழிக்க வேண்டும்; திசை 180-க்கு மேல் போனால் 540-இலிருந்து கழிக்க வேண்டும். 84 என்பது 96, 264 என்பது 276, 354 என்பது 186, 174 என்பது 6.

நேர் கிழக்கையும் நேர் மேற்கையும் போட்டுப் பாருங்கள். 90 போட்டால் 90, 270 போட்டால் 270. மாற்றமே இல்லை. நேர் வடக்கு 0 போட்டால் 180, அதாவது தலைகீழ். எங்கள் தெரு கிட்டத்தட்டக் கிழக்கு மேற்கைப் பார்ப்பதால் கிட்டத்தட்டச் சரியாக இருந்து என்னை ஏமாற்றிவிட்டது. நேர் கிழக்கிலிருந்து 6 பாகை விலகல், கண்ணாடியில் பார்த்த மாதிரி மறுபக்கம் 6, ஆக 12. அந்தக் கோணலும் கோயில் தெருவின் முதுகும் ஒரே பிழைதான். எஸ்டிஜி வரிகளை எழுதித் தரும் என் பைத்தான் நிரலில் ஒரே வரி மாற்றினேன். 37 வீடும் ஒரேயடியாகத் திரும்பின.

புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் சோதனைக்கு வடகிழக்கைப் பார்க்கும் வீட்டை எடுங்கள். 45 என்பது 135 ஆக வேண்டும். மாற்றாமல் போட்டால் வீடு முழுசாகக் குறுக்கே நிற்கும், பிழை ஒளியவே முடியாது.

இடையில் ஜாய்ஸ்டிக் கதை ஒன்று. மதுரையில் ஒரு கடையில் பழையது ஒன்று வாங்கினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கைப்பிடியைத் திருப்பும் ரடர் அச்சு சும்மா இருக்கும்போதே துடித்தது; எங்கள் தெருவுக்கு மேலே தாழ்வாகப் பறந்தால் மூக்கு இடமும் வலமும் ஆடியது. திருப்பிக் கொண்டுபோனால் மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். பிறகு பிரித்துப் பார்த்ததில், திருப்பத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு முப்பது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியதும் துடிப்பு நின்றது. ஜாய்ஸ்டிக்கின் அமைப்புக் கோப்பில் டெட்பேண்டை, அதாவது சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையை, கூட்டி மறைப்பதைவிட இதுவே மேல். அடுத்து வாங்கினால், உரசாமல் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் உள்ளதுதான்.

வீட்டு மாதிரிகளை ஃப்ளைட்கியரின் பொதுத் தொகுப்பில் சேர்க்க அனுப்பியிருக்கிறேன். சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், கூரைப் படம் 1024-க்கு 1024 வேண்டாம், 512 போதும் என்று எழுதினார். குறைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. ஓட்டு வரிசை அப்படியே இருந்தது, வேகம் கூடியது. 1996-இல் டேவிட் மர் முன்மொழிந்து, 1997-இல் முதல் வெளியீடு கண்ட மென்பொருள் இது. இத்தனை வருஷம் கழித்து, எங்கோ இருக்கும் ஒருவர் தன் வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து, பார்த்தே இராத எங்கள் ஊர் ஓட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். அன்றைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் போட்டது, இப்போது பயன்பாட்டில் இல்லை. ஓடுதளத்தை வீடு மாதிரி மேலே வைக்க முடியாது. விமான நிலையங்களை விவரிக்கும் ஏபிடி.டாட் கோப்பில் வரி எழுதி, ஜென்ஏபிடிஎஸ்850-இல் ஓட்டி, எச்ஜிடிசாப், டெர்ராஃபிட், ஓஜிஆர்-டீகோட் என்ற கருவிகளின் வேலையெல்லாம் முடித்து, டிஜி-கன்ஸ்ட்ரக்டில் கட்டத்தையே திரும்பக் கட்ட வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாம் அடங்கிய டெர்ராகியரை மூல நிரலிலிருந்து தொகுக்க இதுவரை இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் அதற்கு வேண்டிய சிகால் என்ற நிரல் நூலகத்தின் பதிப்பு ஒத்துவராமல் பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது முறை பழைய லினக்ஸ் ஒன்றைத் தனியாக நிறுவி அதில் செய்வதாக இருக்கிறேன். நிலத்தைத் திரும்பக் கட்டும்போதே ஊருணிகளையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். எங்கள் ஊருணிக் கரையைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ் தடம் எடுத்தாகிவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் மூன்றாவது தெரு பாக்கி. கோயில் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுடைய கொல்லை வாசல் அங்கேதான் திறக்கிறது. அதை முடிக்காமல் கோயில் தெருவே முடிந்ததாகாது. சனிக்கிழமை காலை வெயிலுக்கு முன்னால் திசைகாட்டியோடு போகிறேன். அப்பத்தா தான் பிறந்த வீடு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். அது பக்கத்து ஊர், இதே 4233486 கட்டம்தான். வீடு எந்தத் திசையைப் பார்க்கும் என்று கேட்டேன். வடக்குப் பார்த்த வாசல் என்றார். கோப்பில் 180 என்று எழுதி வைத்துவிட்டேன், சரியான பாகையைப் போய் அளந்ததும் திருத்த வேண்டும்.