சுற்றளவு ஒன்றுதான், பரப்பளவு வேறு

இரண்டு செவ்வகங்களுக்குச் சுற்றளவு சமம். ஒன்று 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். மற்றதன் நீளம் 15 செ.மீ. அதன் பரப்பளவு என்ன?

சுற்றளவு 40. அதில் பாதி, 20, நீளமும் அகலமும் சேர்ந்தது. ஆக அகலம் 5, பரப்பளவு 75 சதுர செ.மீ. விடை வந்தாச்சு.

ஆனால் பிள்ளைகளை இதோடு எழுந்து போக விடாதீங்க. முதல் செவ்வகத்தின் பரப்பளவு 96 ஆச்சே, மீதி 21 எங்கே போச்சுன்னு கேளுங்க. 20-ஐச் சமமாகப் பிரித்தால் நீளம் 10, அகலம் 10. நீளம் 10-க்கு மேல் எவ்வளவு கூடுதோ, அகலம் 10-லிருந்து அவ்வளவு குறையும். கூடுவதை 'அ' என்று வைத்தால்,

(10+அ)(10−அ) = 100−அ²

2 கூடினால் 100-இல் 4 போகும், 5 கூடினால் 25 போகும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 21. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது! சுற்றளவைக் காட்டியே நிலப் பங்கீட்டில் கூட்டாளிகளை ஏமாற்றி, நியாயவான் என்ற பெயரும் வாங்கியவர்களைப் பற்றி 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் எழுதியிருக்கிறார்.